அந்த ஒரு வரியை எடுங்க

உங்க மினி ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து 'ரிஜெக்ட்அன்ஆதரைஸ்டு' என்ற வார்த்தையை ஒரு தடவை தேடிப் பாருங்க. ஒண்ணும் வரலைன்னா நீங்க நல்லவங்க, இதை ஜாலியா படிச்சுட்டுப் போகலாம். வந்து, அதுக்குப் பக்கத்துல 'ஃபால்ஸ்' என்று இருந்தா, கொஞ்சம் நிதானமா உட்கார்ந்து படிங்க. ஏன்னா போன வருஷம் வரைக்கும் எங்க ப்ராஜெக்ட்லயும் அது இருந்தது. எழுதினது நான்தான்.

எப்படி வந்தது என்று சொல்றேன். சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஆப் ஒண்ணு நாலு பேர் சேர்ந்து செஞ்சோம். பின்னாடி ஓடுறது நோட்.ஜேஎஸ். பணம் கட்டினவங்களுக்கு மெயிலில் டிக்கெட் போகணும். அதுக்கு எங்க சர்வர் பேமெண்ட் கேட்வேயைக் கூப்பிட்டு, "இந்த ஆர்டருக்குப் பணம் வந்துச்சா?" என்று கேட்கும். வந்துச்சு என்று பதில் வந்தா டிக்கெட். அவ்வளவுதான். ராத்திரி லேப்ல உட்கார்ந்து ஓட்டினா ஒரே எரர்: சான்றிதழ்ச் சங்கிலியில் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழ் ஒன்று இருக்கிறது. லேப் நெட்வொர்க்ல ஃபயர்வால் நடுவில் உட்கார்ந்து, போற வர்ற எல்லா ட்ராஃபிக்கையும் பிரிச்சுப் பார்த்துட்டு, தன்னுடைய சான்றிதழை மாட்டித் திருப்பி அனுப்பும். பிரவுசர்ல அந்த ஃபயர்வாலின் ரூட் சான்றிதழை அட்மின் ஏற்கெனவே போட்டு வச்சிருப்பார், அதனால பிரவுசருக்குப் பிரச்சினை இல்ல. நோட் அதை நம்பாது. நம்பக் கூடாது. அது சரியாத்தான் வேலை செஞ்சது.

நாங்க என்ன செஞ்சோம்? எல்லாரும் செய்றதைத்தான். எரரை அப்படியே காப்பி பண்ணி கூகுள்ல போட்டோம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பச்சை டிக் போட்ட பதில். ஒரே ஒரு வரி. ஒட்டினதும் ஓடிடுச்சு. "சூப்பர்டி" என்று ஒருத்தன் கை தட்டினான், கேண்டீன் மூடுறதுக்குள்ள டீ குடிக்கப் போயிட்டோம். அந்த வரி என்ன சொல்லுது என்று நாலு பேர்ல யாரும் கேட்கல. ரிவ்யூவிலும் கேட்கல. ஆப் லைவ் போயிடுச்சு.

இப்ப கொடைக்கானலுக்கு வருவோம். சம்பந்தம் இருக்கு.

எங்க ஊர் பூம்பாறை. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போற ரோட்டில் இருக்கு. படிக்கட்டு மாதிரி பூண்டு வயல் போட்டோ பார்த்திருப்பீங்களே, அதே ஊர்தான். 2025 மே மாசம் டீம்ல மூணு பேரும் பைக்ல எங்க ஊருக்குக் கிளம்பி வந்தாங்க. வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ந்தேதியிலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இந்த முறை இருக்கு. 2025 சீசனுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்தது: கொடைக்கானலுக்கு வாரநாளில் 4000 வண்டி, வார இறுதியில் 6000. உள்ளூர்க்காரங்களுக்கு இது தேவையில்ல. அதனால நான் இதைப் பற்றி அதிகம் யோசிச்சதே இல்ல.

வத்தலகுண்டு வழியா மேலே ஏறி, வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் செக்போஸ்ட்ல நிறுத்தினாங்க. ஒருத்தன் அண்ணன் பைக்குக்கு பாஸ் எடுத்து வச்சிருந்தான். கிளம்புற நேரத்துல அது பஞ்சர், தன் பைக்கிலேயே வந்துட்டான். பாஸ் உண்மையான பாஸ். அரசு கொடுத்தது. தேதியும் அன்னைக்குத் தேதிதான். ஸ்கேன் பண்ணினவர் போனைப் பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"தம்பி, பாஸ் கரெக்ட்டு. வண்டி இது இல்லையே."

அவ்வளவுதான். பயல் ஓரமா ஒதுங்கி, சிக்னல் வர்ற இடமாத் தேடி நின்னு, போன்லயே புது பாஸ் எடுத்துட்டு வந்தான். வீட்டுக்கு வந்து புலம்பல் வேற: "எல்லாம் சரியா இருக்கு, இதுக்குப் போய் நிறுத்துறாரு." எனக்கு அப்ப சிரிப்புதான் வந்தது.

அந்த செக்போஸ்ட்காரர் செய்ததைத்தான் டிஎல்எஸ்ஸில் சான்றிதழ் சரிபார்ப்பு என்கிறோம். உங்க நிரல் ஒரு சர்வரோட பேசப் போகும்போது, அந்த சர்வர் ஒரு சான்றிதழைக் காட்டும். யார் கொடுத்தது? நான் நம்புகிற அதிகாரம்தானா? காலாவதி ஆகலையே? அதில் எழுதியிருக்கிற பெயரும், நான் பேச நினைத்த சர்வரின் பெயரும் ஒண்ணா? மூணுல எது தப்பினாலும் திருப்பி அனுப்பணும். மூணாவதுதான் நம்பர் பிளேட் பார்க்கிற வேலை, அதுலதான் உலகமே சறுக்குது. ஏன்னா முதல் இரண்டும் சரியா இருந்தா "எல்லாம் சரியா இருக்கே" என்று தோணும். என் நண்பன் புலம்பின மாதிரியே.

அந்த சறுக்கலுக்கு ஒரு பழைய உதாரணம் சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2012-ல டெக்ஸாஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. பிரவுசர் அல்லாத மென்பொருள்கள் சான்றிதழை எப்படிச் சரிபார்க்கின்றன என்பதுதான் ஆய்வு. தலைப்பே 'உலகின் மிக ஆபத்தான நிரல்' என்ற அர்த்தத்தில் இருக்கும். அதில் ஒரு இடம்: பிஹெச்பியில் கர்ல் நூலகத்துக்கு 'பெயரைச் சரிபார்' என்று ஒரு செட்டிங் உண்டு. அதுக்கு 2 என்று கொடுக்கணும். அமேசானின் பேமெண்ட் நூலகத்தை எழுதினவங்க 'ட்ரூ' என்று கொடுத்திருந்தாங்க. பார்த்தா நல்லாத்தானே இருக்கு? ஆனா பிஹெச்பியில் ட்ரூ என்பது கர்லுக்குப் போகும்போது 1 ஆகிடும். அன்னைக்கு 1-க்கு அர்த்தம்: சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கா என்று மட்டும் பார். பாஸ்ல ஏதோ ஒரு வண்டி நம்பர் இருக்கா? இருக்கு. போ. சரிபார்க்கணும் என்று நினைச்சு எழுதின வரியே சரிபார்ப்பை அணைச்சு வச்சிருந்தது! கர்ல் பக்கம் இதை அதே வருஷம் மாத்திட்டாங்க.

நோட் மட்டும் யோக்கியமா என்று கேட்பீங்க. ஆரம்பத்துல இல்லவே இல்ல. 2013-ல 0.10 பதிப்பு வர்ற வரைக்கும், சான்றிதழ் சரியில்லைன்னாலும் தொடர்பைத் துண்டிக்காம விடுவதுதான் அதோட டிஃபால்ட். அதுக்கப்புறம்தான் 'ரிஜெக்ட்அன்ஆதரைஸ்டு' தானாகவே ட்ரூ ஆச்சு. நாம ஒட்டுற அந்த ஒரு வரி நம்மை நேரா 2012-க்குக் கூட்டிட்டுப் போகுது.

அதுக்கப்புறமும் ஓட்டைகள் வந்தன. 2020 ஜூனில் ஒண்ணு: முதல் தடவை கைகுலுக்கும்போது கிடைக்கிற செஷனை, சரிபார்ப்பு முடியறதுக்கு முன்னாடியே நிரலிடம் கொடுத்துடும். அதை வச்சு மறுபடி போனா சரிபார்ப்பைத் தாண்டிடலாம். "நேத்துதானே வந்தீங்க, போங்க போங்க" என்று விடுற மாதிரி. நேத்தும் பார்க்கல என்பதுதான் விஷயம். 2021 ஆகஸ்ட்ல இன்னொண்ணு: அந்த செட்டிங்குக்கு 'அன்டிஃபைன்டு' போய்ச் சேர்ந்தா, நோட் எந்த எரரும் தராம, காலாவதியான சான்றிதழையும் ஏத்துக்கும். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுறவங்களுக்கு இது எவ்வளவு சுலபமா நடக்கும் என்று தெரியும். கான்ஃபிக் ஃபைல்ல ஒரு எழுத்து மாத்தி அடிச்சா போதும், அன்டிஃபைன்டு ரெடி.

ஆனா நான் உண்மையிலேயே உட்கார்ந்து படிச்சது 2022 ஜனவரியில் திருத்தின ஓட்டைகளைத்தான். அதுல ஒண்ணோட எண் சிவிஇ-2021-44532. படிக்கும்போது செக்போஸ்ட்தான் ஞாபகம் வந்தது, அதையே வச்சுச் சொல்றேன்.

ஒரு சான்றிதழில் பல பெயர்கள் இருக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வகை உண்டு: டிஎன்எஸ் பெயர், ஐபி முகவரி, யூஆர்ஐ இப்படி. சான்றிதழுக்குள்ளே அதெல்லாம் தனித்தனிப் பெட்டியில் இருக்கும், குழப்பமே வராது. நோட் என்ன செஞ்சதுன்னா, எல்லாப் பெட்டியையும் பிரிச்சு, ஒரே வரியா எழுதிக்கும். 'டிஎன்எஸ்: அ, டிஎன்எஸ்: ஆ, யூஆர்ஐ: இ' என்று நடுநடுவே கமா போட்டு. அப்புறம் அந்த வரியைத் திரும்பக் கமாவில் வெட்டி, நாம தேடுற பெயர் இருக்கா என்று பார்க்கும். ஒரு பெயருக்கு உள்ளேயே கமா இருந்தா?

இப்படி யோசிங்க. பாஸ்ல வண்டி நம்பர் ஒரு கட்டம், வருகிற காரணம் ஒரு கட்டம். நான் காரணம் என்ற கட்டத்தில் "சுற்றுலா, வண்டி: இன்னொரு நம்பர்" என்று எழுதி வாங்கிடுறேன். பாஸ் கொடுக்கிற ஆபீஸ் வண்டி நம்பர் கட்டத்தை மட்டும் தான் கவனமா பார்க்கும், காரணத்தில் என்ன எழுதினாலும் கேட்காது. செக்போஸ்ட்ல ஒருத்தர் பாஸை ஒரே மூச்சுல வாசிக்கிறார், இன்னொருத்தர் நோட்டில் எழுதிக்கிறார். எழுதினவர் நோட்டில் இப்ப இரண்டு வண்டிக்கு அனுமதி. பாஸ் போலி இல்ல. கொடுத்தவரும் போலி இல்ல. கட்டத்தைக் கலைச்சு வாசிச்சதுதான் தப்பு. டேட்டாபேஸ் பாடத்தில் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் படிச்சிருப்பீங்க, அதோட சித்தப்பா பையன் இது.

கூடவே திருத்தின இன்னொரு ஓட்டை, 44531: யூஆர்ஐ வகைப் பெயர்களைக்கூட சர்வர் பெயராக நோட் ஏத்துக்கிட்டது, அதையும் சரியா ஒப்பிடல. 12, 14, 16, 17 என்று அன்னைக்கு உயிரோட இருந்த நாலு வரிசைக்கும் திருத்தம் வந்தது. சந்தேகமான எழுத்து இருக்கிற பெயர்களை இப்ப மேற்கோள் குறிக்குள் பூட்டி எழுதுது. யூஆர்ஐ பெயரைச் சரிபார்ப்புக்கு எடுக்கிறதே இல்ல.

இதை வச்சு யாரும் நம்ம சிம்போசியம் ஆப்பை உடைச்சிருக்க முடியாது என்பதையும் நேர்மையா சொல்லிடுறேன். இந்த ஓட்டை வழியா வரணும்னா, ஒரு சான்றிதழ் அதிகாரம் கையில் இருக்கணும். அதிலும், 'இந்த எல்லைக்குள் இருக்கிற பெயர்களுக்கு மட்டும் சான்றிதழ் கொடுக்கலாம்' என்று மேலே இருக்கிறவங்க கட்டுப்படுத்தி வச்ச அதிகாரம். அந்த வேலியைத் தாண்டத்தான் இது உதவும். வேலி வகைவாரியா போடப்பட்டது. டிஎன்எஸ் பெயருக்கு வேலி போட்டு யூஆர்ஐயை மறந்திருந்தா, யூஆர்ஐ கட்டத்தில் எழுதிக் கொடுத்துட்டுத் தாண்டலாம். அதனால தீவிரம் நடுத்தரம் என்று போட்டாங்க.

"சான்றிதழ் அதிகாரமே திருடு போகுமா? கதை விடாதீங்க அக்கா" என்று ஒரு ஜூனியர் கேட்டான். போகும். நம்ம நாட்டிலேயே போயிருக்கு. 2014 ஜூலை 2-ந்தேதி, தன்னுடைய பல டொமைன்களுக்கு யாரோ அனுமதியில்லாம சான்றிதழ் கொடுத்திருக்கிறதை கூகுள் கண்டுபிடிச்சது. கொடுத்தது யாருன்னா என்ஐசி, நம்ம தேசிய தகவல் மையத்தின் சான்றிதழ் அதிகாரம். அதுக்கு மேலே இருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைஞ்ச சிசிஏ என்கிற இந்தியக் கட்டுப்பாட்டு அமைப்பு. அந்த ரூட்டை மைக்ரோசாஃப்ட் நம்பினதால, விண்டோஸ்ல ஓடுற பல நிரல்களும் நம்பும். மறுநாளே சிசிஏ என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை எல்லாம் ரத்து பண்ணிடுச்சு. என்ஐசியில் சான்றிதழ் வழங்கும் முறையே ஊடுருவப்பட்டது, தவறாப் போனது நாலு என்று சிசிஏ சொன்னது. நாங்க பார்த்ததில் அந்த நாலுக்கு வெளியேயும் இருக்கு என்று கூகுள் சொன்னது. யாஹூ பெயர்களும் அதில் இருந்தன.

அப்புறம் குரோம் என்ன செஞ்சது தெரியுமா? இந்திய ரூட்டை முழுசா தூக்கி எறியல. வேலி போட்டது. கவ்.இன், நிக்.இன், ஏசி.இன் மாதிரி குறிப்பிட்ட சில டொமைன்களுக்குள்ள மட்டும் உன் சான்றிதழ் செல்லும், அதைத் தாண்டினா செல்லாது என்று. அதாவது பெயர் எல்லை. ஏழரை வருஷம் கழிச்சு நோட்ல திருத்தின அந்த ஓட்டை, இதே வகை வேலியைத் தாண்ட வைக்கிற ஓட்டை. (நோட் மொஸில்லாவின் ரூட் பட்டியலைத்தான் பயன்படுத்துது, இந்திய ரூட் அதில் இல்ல. அதனால இந்தக் குறிப்பிட்ட சம்பவத்துல நோட் மாட்டியிருக்காது. நான் சொல்றது வேலி எதுக்குப் போடுறாங்க என்பதைத்தான்.)

இவ்வளவு நுணுக்கமான ஓட்டையை யாரோ தேடிக் கண்டுபிடிக்கிறாங்க, இன்னும் யாரோ உட்கார்ந்து நாலு வரிசைக்கும் திருத்தி வெளியிடுறாங்க. காரணக் கட்டத்தில் ஒரு கமா வந்தா என்ன ஆகும் என்று யோசிக்கிறாங்க. நாம என்ன செய்றோம்? செக்போஸ்டையே பிடுங்கி ஓடையில் போட்டுட்டு டீ குடிக்கப் போறோம். ரன்டைம்ல இருக்கிற ஓட்டைக்கு எண் உண்டு, திருத்தம் உண்டு, அப்டேட் பண்ணினா போயிடும். நாம கையால தோண்டின ஓட்டைக்கு எண்ணே கிடையாது. நோட் 24 போட்டாலும் அது அப்படியே இருக்கும்.

எப்படித் தெரியும் என்றால், பூம்பாறையில் பார்த்துட்டோம்.

மூணாவது நாள் மழை. வெளியே போக முடியல. பெரியப்பா நடத்துற ஹோம்ஸ்டேயில் வைஃபை உண்டு, அங்கே லேப்டாப்போட உட்கார்ந்தோம். எல்லா ஹோம்ஸ்டே மாதிரியும் பாஸ்வேர்டு சுவத்துல ஒட்டியிருக்கும். ரூட்டரோட அட்மின் பாஸ்வேர்டு? பெட்டியில் வந்ததேதான், யாரும் மாத்தல. எங்க டீம்ல ஒருத்தனுக்கு நெட்வொர்க் பைத்தியம். செக்போஸ்ட்ல மாட்டினதும் அவன்தான். "பெரியப்பா, ரூட்டரைக் கொஞ்சம் தொடலாமா?" என்று கேட்டான். "கெடுத்துடாதீங்கப்பா, சாயங்காலம் கெஸ்ட் வர்றாங்க" என்றார்.

பத்து நிமிஷம்தான். ரூட்டரில் டிஎன்எஸ்ஸை மாத்தி, பேமெண்ட் கேட்வே பெயரைக் கேட்டா தன் லேப்டாப் முகவரியைக் காட்டும்படி செஞ்சான். லேப்டாப்ல ஒரு குட்டி சர்வர். அதுக்கு அவனே அடிச்ச ஒரு சான்றிதழ். அதில் பெயர் என்ன போட்டான் தெரியுமா? 'வெள்ளி நீர்வீழ்ச்சி'. என்ன கேட்டாலும் "பணம் வந்தாச்சு" என்று பதில் சொல்லும். என் லேப்டாப்ல எங்க ஆப்பை ஓட்டினேன். ஒரு ரூபாய் கட்டல. ஆர்டர் போட்டதும் என் மெயிலுக்கு டிக்கெட் வந்துடுச்சு.

எல்லாரும் சிரிச்சோம். அவன் மட்டும் சிரிக்கல. தன் திரையைத் திருப்பிக் காட்டினான். எங்க சர்வர் அனுப்பின கோரிக்கையோட தலைப்பில், எங்க கிளப் கணக்கின் சீக்ரெட் கீ. டெஸ்ட் கீ இல்ல, லைவ் கீ. நாங்க பாதுகாப்பா வச்சிருக்கோம் என்று நினைச்சு கிட்ஹப்ல ஏத்தாம, என்வ் ஃபைல்ல ஒளிச்சு வச்சிருந்த அதே கீ. யார்கிட்ட பேசுறோம் என்றே பார்க்காம, முன்னால வந்து நின்ன முதல் ஆள் கையில் எங்க நிரல் அதைக் கொடுத்துட்டு வந்திருக்கு. ஜூனியர்கள் கட்டின பணம் இருந்த கணக்கு அது. கிளப் ட்ரெஷரர் நான். அந்த ராத்திரி கீயை மாத்துற வரைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்கல. லேப் நெட்வொர்க்ல, ஹாஸ்டல் வைஃபைல, பஸ் ஸ்டாண்ட் ஹாட்ஸ்பாட்ல இதை எத்தனை தடவை ஓட்டியிருப்போம் என்று எண்ணிப் பார்க்க முயற்சி பண்ணி, பாதியிலேயே விட்டுட்டேன்.

அந்த வரியை எடுத்துட்டு மறுபடி ஓட்டினோம். நோட் உடனே எரர் அடிச்சுத் துண்டிச்சுது. தம்பி, வண்டி இது இல்லையே.

"டெமோ தானே" என்று சொல்றவங்களுக்கு என் பதில் சின்னது. டெமோ கோட் டெமோவோட சாகிறதில்ல. சீனியர் ரெப்போவை ஜூனியர் ஃபோர்க் பண்றான், பெயரை மாத்துறான், அடுத்த சிம்போசியத்துக்கு லைவ் போடுறான். நானே அப்படித்தான் ஆரம்பிச்சேன். இன்னொண்ணு: இதே வேலையை என்விரான்மென்ட் வேரியபிள் வழியா செஞ்சா, இது பாதுகாப்பில்லாத தொடர்பு என்று நோட் எச்சரிக்கையாவது அடிக்கும். கோடுக்குள்ள அந்த வரியைப் போட்டா ஒரு சத்தமும் வராது. அதனாலதான் வருஷக்கணக்கா யார் கண்ணிலும் படாம உட்கார்ந்திருக்கு.

சரி, லேப்ல ஓட மாட்டேங்குதே, அதுக்கு வழி? இருக்கு, அதுவும் ஒரே வரிதான். 'நோட் எக்ஸ்ட்ரா சிஏ செர்ட்ஸ்' என்று ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் 7.3 பதிப்பிலிருந்தே இருக்கு. வார்த்தைகளுக்கு நடுவில் அடிக்கோடு போட்டு எழுதணும். ஃபயர்வாலின் ரூட் சான்றிதழ் ஃபைல் எங்கே இருக்கு என்று அதில் சொல்லிட்டா, நோட் தன் பட்டியலோட அதையும் சேர்த்து நம்பும். மத்த எல்லாச் சரிபார்ப்பும் அப்படியே நடக்கும். லேப் மெஷின்ல மட்டும் இதை வைங்க, சர்வருக்குக் கொண்டு போகாதீங்க. அந்த ஃபயர்வால் உங்க ட்ராஃபிக்கைப் படிக்க முடியும் என்பது மாறாது. அதனால லைவ் கீயை லேப்ல ஓட்டவே ஓட்டாதீங்க. டெஸ்ட் கீ எதுக்கு இருக்கு?

பிரச்சினை என்னன்னா, அந்த ரூட் சான்றிதழ் ஃபைலை லேப்ல கேட்டா, அது ஏதோ ராணுவ ரகசியம் மாதிரி பார்க்கிறாங்க. ரகசியம் இல்லீங்க. அதோட பிரைவேட் கீதான் ரகசியம். சான்றிதழ் எல்லா பிரவுசர்லயும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கு. டிபார்ட்மெண்ட் இன்ட்ராநெட் பக்கத்தில் ஒரு டவுன்லோடு லிங்க், கூடவே எப்படி மாட்டுறது என்று நாலு வரி. இதைச் செய்யாம, ஃபயர்வாலையும் வச்சுட்டு, வழியையும் காட்டாம விட்டா, முதல் வருஷத்திலிருந்தே ஒவ்வொரு ஸ்டூடண்டுக்கும் சரிபார்ப்பை அணைக்கக் கத்துக்கொடுக்கிறது நம்ம லேப்தான். லேப் மெஷின்கள்ல இன்னும் நோட் 14 இருக்கிறதையும் சொல்லணும். அதோட ஆயுள் 2023 ஏப்ரல்ல முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச எந்த ஓட்டைக்கும் அதுக்குத் திருத்தம் வராது.

ரிவ்யூ பேனலுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்லைடில் ஆர்க்கிடெக்சர் டயக்ராம் அழகா இருக்கா என்று அரை மணி நேரம் பார்க்கிறீங்க சார். "உன் சர்வர் வெளியே யாரோட பேசுது? அது அவங்கதான் என்று உனக்கு எப்படித் தெரியும்?" இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. எங்களை யாராவது கேட்டிருந்தா, மூணு மாசம் அந்தக் கீ தெருவில் அலைஞ்சிருக்காது.

எங்க ரெப்போவில் இருந்து அந்த வரியை எடுத்தாச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ஃபோர்க் எடுத்துட்டுப் போன ஜூனியர் டீம்கள் இருக்கு. கமிட்டைப் பார்த்து ஒவ்வொண்ணாத் தேடி, புல் ரிக்வெஸ்ட் அனுப்பிட்டு இருக்கேன். சில பேர் அப்பவே மெர்ஜ் பண்ணிட்டாங்க. ஒரு பையன் மட்டும் நேத்து ராத்திரி மெசேஜ் போட்டான்: "அக்கா, அதை எடுத்தா லேப்ல ஓடவே மாட்டேங்குது. நாளன்னைக்கு ரிவ்யூ. ப்ளீஸ், ரிவ்யூ முடிஞ்சதும் எடுத்துடுறேன்."

இன்னைக்குச் சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். சான்றிதழ் ஃபைல் என்கிட்ட இருக்கு. அஞ்சு மணியிலிருந்து இரண்டாவது மாடி லேப் வாசல் பெஞ்சில் இருப்பேன், வேற யாருக்காவது வேணும்னாலும் வாங்க.